ரெண்டு பிடிக் கரை

இன்று காலை கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கும் அந்த மென்பொருளும் ஏறியது. சோதித்துப் பார்க்க ஏதோ ஒரு படத்தைத் திறந்ததும், வழக்கமான கேள்வியைக் கேட்டது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்? சென்சார் அளவுக்கான பெருக்கல் எண் என்ன? கேட்டதோடு நிற்காமல், ரெண்டாவது கட்டத்தில் தானாகவே 1 என்று போட்டும் வைத்திருந்தது.

எழுந்து வெளியே போய்விட்டேன். தெற்கு வீதி முனை வரை நடந்து, டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் திரும்பினேன். அந்த ஒன்று அங்கேயே இருந்தது. மறுபடி எழுந்தேன். கடையில் வேலை செய்யும் பெண், "என்னா சார், உக்காரவே மாட்றீங்க?" என்று கேட்டாள். உனக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது மச்சான். முதுநகர் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பன்னிரண்டாவது முடிந்ததும் நீ கடலுக்குப் போனாய். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் சிதம்பரம் வந்தோம். நான் ஸ்டுடியோ, பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு என்று இங்கேயே தங்கிவிட்டேன். உனக்கும் அமுதாவுக்கும் கல்யாணம் ஆனபோது நான்தான் படம் எடுத்தேன். உன் பொண்ணு பவித்ராவுக்கு மொட்டை போட்டபோதும் நான்தான். அவள் அழுத படம் மட்டும் பதினாறு எடுத்தேன் என்று அமுதா திட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உங்கள் வீட்டில் யாரும் என்னைப் படம் எடுக்கச் சொல்லவில்லை.

சுனாமி என்ற சொல்லே நமக்குத் தெரியாத காலை அது. நீயும் உன் தம்பி செல்வமும் கடலில். அமுதா மீன் கூடையோடு முதுநகர் போயிருந்தாள். நாலு வயது பவித்ரா பக்கத்து வீட்டு ராணி அக்காவிடம் இருந்தாள். ராணி அக்கா ஒரு தென்னையைப் பிடித்துப் பிழைத்தது. பிள்ளை கையை விட்டுப் போய்விட்டது. நான் பஸ் பிடித்து, பாதி தூரம் நடந்து வந்து சேர்ந்தபோது நீ பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாய். அமுதா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உன்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ அங்கேர்ந்து பாத்துக்கினுதான இருந்த?"

அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. சோறு போடும்போதும் இருந்தது, பேசாமல் படுத்திருக்கும்போதும் இருந்தது. வந்து போகிற எனக்கே தெரிந்தது.

ரெண்டு வருஷம் கழித்து, வண்ணம் அடித்த படகைக் கடலுக்குத் தள்ளும்போது அது உருண்டு உன் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. அதற்குள் உங்களுக்குச் சுனாமிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். கடலிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிய வீடுகள். அங்கே அலைச் சத்தம் கேட்காது. அமுதாவுக்கு அது நிம்மதி. உனக்கு அது மூச்சுமுட்டல். கட்டிலில் கிடந்தபடி கையால் சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பாய். ஜன்னல் கம்பி, கொசுவலைக் கயிறு, தண்ணீர்ச் செம்பு என்று கைக்கு எட்டியதையெல்லாம் நகர்த்தி நகர்த்தி வைப்பாய். கால் செய்ய வேண்டிய வேலையையும் கையே செய்தது.

ஒருநாள் எதிர்ச் சுவரைக் காட்டி, "இதுல ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சி மாட்டு மச்சான்," என்றாய்.

"கடலா?"

"கடல யாரு கேட்டா? கடல்லேர்ந்து கரையப் புடி. ஆறு பாகம் ஆழத்துல படக நிறுத்தச் சொல்லு. செல்வத்துக்கு எடம் தெரியும். கோயிலும் ஐஸ் ஃபேக்டரியும் ரெண்டும் வரணும். ஆனா ஒண்ணு. அங்கேர்ந்து கண்ணுக்கு எவ்ளோ பெருசாத் தெரியுமோ, இங்க படுத்துக்கினு பாத்தா அவ்ளோதான் தெரியணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. படுத்திருக்கிறவனுக்குக் கண்ணுக்கு ஏதாவது வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த வேலையின் கஷ்டம்தான் பெரிதாகத் தெரிந்தது. டேப் பிடித்து உன் கண்ணிலிருந்து சுவர் வரை அளந்தேன். ஏழு அடி. ஒவ்வொரு படமும் எத்தனை டிகிரி அகலத்தைப் பிடித்தது என்று தெரிந்துவிட்டால், ஏழு அடி தள்ளி அது எத்தனை அடியாக விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். டிகிரியை மென்பொருள் சொல்லிவிடும். சுலபம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மாசியில் கடல் தணிந்த ஒரு காலையில் செல்வம் என்னை ஏற்றிக்கொண்டு போனான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, உனக்குத் தெரியும். போகும்போது ரெண்டு தடவை, நின்றபிறகு ஒரு தடவை வாந்தி எடுத்தேன். செல்வம் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தான். "ஆறு பாகம்ணே. இங்கதான்," என்றான். அவன் முகம் சரியில்லை. எங்கேயும் பார்க்காமல் என்ஜினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கேமராவை நிமிர்த்திப் பிடித்து இடமிருந்து வலமாக ஏழு படம் எடுத்தேன். படகு ஆடியது. மறுபடி ஏழு. மறுபடி ஏழு.

கேமரா டிஜிட்டல், பழையதாக வாங்கியது. லென்ஸ் ஸ்டுடியோவில் கிடந்த ஃபிலிம் காலத்து லென்ஸ். முப்பத்தைந்து மில்லிமீட்டர். புதிய லென்ஸாக இருந்தால் தன் அளவைப் படத்திலேயே எழுதி வைத்துவிடும். இது ஊமை. அதனால்தான் மென்பொருள் என்னிடம் கேட்டது. முப்பத்தைந்து என்று அடித்தேன். பெருக்கல் எண் என்ற கட்டத்தில் 1 என்று இருந்தது. அதைத் தொடவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன். படங்கள் அழகாக ஒட்டிக்கொண்டன. தையல் எங்கே என்றுகூடத் தெரியவில்லை. அந்த அழகுதான் என்னை ஏமாற்றியது.

ஃப்ளெக்ஸை ஆணியடித்து மாட்டிய அன்று அமுதா சமையலறையைவிட்டு வரவில்லை. நீ ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு வலது கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி, கோயில் கோபுரத்தின் மேல் வைத்தாய். பள்ளிக்கூட நாட்களில் பொழுது சாய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீ வானத்தில் பிடி வைத்துச் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு பிடி. பக்கத்தில் இன்னொரு பிடி. அங்கிருந்து ஐஸ் ஃபேக்டரி வரை மூன்று பிடி வந்தது. கரைக்குக் கிட்டே போகப் போகப் பிடி கூடும்.

"மூணு புடியா?" என்றாய். குரல் மாறிப்போயிருந்தது. "இவ்ளோ கிட்டயா இருந்தேன்?"

அப்போதுதான் சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ நின்ற இடம் அது. வலை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். படகை ஏதோ ஒன்று தூக்கி மெதுவாக இறக்கியது. செல்வம்கூட, "இன்னாண்ணா, கடலு பெருமூச்சு வுடுது," என்று சிரித்தான். நீயும் சிரித்தாய். கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்த மாதிரி ஞாபகம். பார்த்தாயா இல்லையா என்றே உனக்குத் தெரியவில்லை.

"இந்தா, கோயில் படி தெரியுது பாரு. படியில ஆளு ஓடுனா தெரிஞ்சிருக்கும். தண்ணி ஏறுனது தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல மச்சான். வலையத்தான் பாத்தேன். அவ கேட்டது செரிதான்."

"ரொம்ப தூரம்ணா அது," என்றான் செல்வம் வாசலிலிருந்து.

"நீ சும்மா இருடா. என்னத் தேத்தறதுக்குச் சொல்லுவ."

அன்றிலிருந்து நீ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாய். கழற்றிவிடலாம் என்று செல்வம் ஒருநாள் ஆணியில் கை வைத்தபோது செம்பை எடுத்து அவன்மேல் எறிந்தாயாம். நான் வரும்போதெல்லாம் நீ கையை நீட்டியபடி சுவரை அளந்துகொண்டிருப்பாய். மூன்று. மறுபடி மூன்று. நான்தானே அச்சடித்து மாட்டினேன் என்று எனக்கு உட்கார இருப்புக்கொள்ளாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவேன்.

நாலு மாதத்துக்குமேல் போனது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், நடு ஹாலில் நின்று சுற்றிலும் பார்ப்பதுபோல ஒரு முழுவட்டப் படம் கேட்டார். அதே கேமரா, அதே லென்ஸ். சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, அதே முப்பத்தைந்து, அதே ஒன்று என்று கொடுத்தேன். வட்டம் மூடவில்லை. மொத்த அகலம் ஐந்நூற்று இருபது டிகிரி என்று காட்டியது.

ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபதுதான். உலகத்தில் எங்கே நின்று சுற்றினாலும் அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

விஷயம் இதுதான். அந்த லென்ஸ் ஃபிலிமுக்காகச் செய்தது. என் கேமராவில் ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. லென்ஸ் கொண்டுவருகிற காட்சியில் நடுப்பகுதிதான் அதன்மேல் விழும். அதனால் ஒவ்வொரு படமும் பிடித்த அகலம் குறைவு. அதை மென்பொருளுக்குச் சொல்ல ஒன்றரை என்று போட வேண்டும். நான் ஒன்று என்று விட்டதால், படம் பிடித்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிடித்துவிட்டதாக அது நம்பியது. உன் சுவரில் உங்கள் குப்பம் ஒன்றரை மடங்கு பெரிதாக நின்றது. நீ நின்ற இடத்தைவிட உன்னை ரொம்பக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

உடனே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பத்து நாள் ஏறவில்லை. சரியான அளவில் புது ஃப்ளெக்ஸ் அன்றைக்கே அச்சடித்துச் சுருட்டி வைத்தேன். சுருட்டி வைத்ததைப் பார்த்துக்கொண்டே மற்ற வேலை செய்தேன். நடுவில் அமுதா கடைக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அவரு ரெண்டு நாளா ஒண்ணும் துன்றது இல்ல. ஒரு நட வந்துட்டுப் போங்களேன்."

"வேல ஜாஸ்திம்மா. முடிச்சிட்டு வரேன்," என்றேன்.

பதினோராம் நாள் வந்தேன். சுருளை மூலையில் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் பெரிய கட்டம், உள்ளே சின்னக் கட்டம் போட்டுக் காட்டினேன். அட்டையில் ஜன்னல் வெட்டிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புது ஃப்ளெக்ஸைப் பிரித்துப் பழையதன்மேல் பிடித்தோம். சுவர் முழுக்கத் தண்ணீரும் வானமும். நடுவில் ஒரு கோடு மாதிரிக் கரை. கோயில் படி தெரியவில்லை. கையை நீட்டினாய். ரெண்டு பிடி.

கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாய். "எனக்காவ சின்னதாக்கிட்டியா மச்சான்?"

"சத்தியமா இல்லடா. முதல்லதான் தப்பு."

"உன் மெஷினு நீ என்னா சொன்னாலும் கேக்குது. அன்னிக்கும் கேட்டுச்சி, இன்னிக்கும் கேக்குது. நான் எதடா நம்பறது?"

தவறு அழகாக ஒட்டிக்கொண்டது, உண்மை இரக்கம் மாதிரித் தெரிந்தது. "நானே கடலுக்குப் போய்ப் பிடி வெச்சிப் பாத்துட்டு வரேன்," என்றேன். நீ தலையாட்டினாய். "நீ வந்து ரெண்டுன்னுதான் சொல்லுவ. செல்வமும் ரெண்டுன்னுதான் சொல்லுவான்."

"நான் போறேன்."

அமுதா சமையலறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் கால் வைக்காதவள். மீன்கூட மார்க்கெட்டில் எடுத்து மார்க்கெட்டிலேயே விற்றுவிட்டு வருகிறவள். செல்வம், "பொம்பளைங்கள போட்டுல ஏத்தறது இல்லண்ணி," என்று இழுத்தான். "அப்ப நீ எறங்கிக்க, நான் ஓட்டிக்கினு போறேன்," என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "அவுங்க கை சின்னதாச்சே, பிடி மாறுமே?"

நீதான் சொன்னாய். "கை குட்டையா இருந்தா புடியும் சின்னதா இருக்கும். கணக்கு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாய். உனக்கு இரக்கம் காட்ட அவளிடம் ஒரு காரணமும் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் சரி என்றாய்.

மறுநாள் காலை போனோம். அமுதா படகின் நடுவில் ரெண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நான் வாந்தி எடுக்கவில்லை, அது ஏனென்று தெரியாது. செல்வம் குண்டு இறக்கி ஆழம் பார்த்து, "அண்ணி, இதான்," என்றான். அவள் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திறந்து, எழுந்து, முழங்காலில் நின்று, கையை நீட்டினாள். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு. ரெண்டு."

மறுபடி ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கோயிலுக்குத் திருப்பி வைத்தாள். அதுவும் ரெண்டு. போகலாமா என்று செல்வம் என்ஜினில் கை வைத்தான். "இரு," என்றாள். என் பக்கம் திரும்பி மணி கேட்டாள். பத்தேகால்.

"கோயிலு முன்னால யாராச்சும் நிக்கறாங்களா, பாருங்கண்ணா."

பார்த்தேன். கோயில் தெரிந்தது, மணல் தெரிந்தது. ஆள் என்று ஒன்றும் தெரியவில்லை. செல்வமும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ராணி அக்கா நிக்குது," என்றாள். "பத்து மணிக்கு அங்க நின்னு செவப்புத் துண்ட ஆட்டச் சொல்லிட்டு வந்தேன்."

நான் பையைத் திறந்து தூரத்தை இழுக்கும் பெரிய லென்ஸை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம்ணா. கண்ணுக்குத் தெரியலல்ல. அது போதும்." அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மூன்றரை வருஷத்து அழுகை. செல்வம் படகைத் திருப்பாமல் அப்படியே ஓடவிட்டு, தானும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கால்கூடக் கழுவவில்லை. நேராக உன் கட்டிலுக்கு வந்தாள்.

"ரெண்டு புடிதான்," என்றாள்.

நீ கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாய்.

"ராணி அக்கா அர மணி நேரம் ஆட்டிச்சாம். எனக்குத் தெரியல. எங்க மூணு பேருக்கும் தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அன்னிக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உன் முதுகில், உணர்ச்சி இருக்கிற மேல் முதுகில், கையை வைத்தாள். நானும் செல்வமும் வெளியே வந்து வேலியோரம் நின்றோம். உள்ளேயிருந்து ரொம்ப நேரம் கழித்துத் தட்டுச் சத்தம் கேட்டது. நீ சோறு சாப்பிட்டாய்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். பழையது ராணி அக்கா வீட்டுக் கோழிக் கொட்டகைக்குக் கூரையாகப் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாய். உனக்கு வலி குறைந்தது என்று சொல்லமாட்டேன். படுக்கைப்புண், காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று மாறி மாறி வந்தது. ஆனால் அமுதா சாயங்காலங்களில் அந்த அறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பவித்ராவின் பெயரைச் சொல்லிப் பேசினீர்கள். அவள் மொட்டை போட்டுக்கொண்டு அழுத பதினாறு படத்தையும் கொண்டுவரச் சொன்னீர்கள். கொண்டுவந்தேன்.

கடைசியாக நான் உன்னைப் பார்த்த அன்று காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கைகளுக்கு எதையும் நகர்த்தும் சக்தி இல்லை. என்னென்னவோ பேசிவிட்டு, திடீரென்று கேட்டாய்.

"அந்தக் கல்யாண மண்டபத்துப் படம் எடுத்தியே. அப்பவே உனக்குத் தெரிஞ்சிப்போச்சி இல்ல? அப்பறம் பத்து நாள் ஏன் வரல?"

கணக்கு வைத்திருக்கிறாய் என்று அன்றுதான் தெரிந்தது. "கல்யாண சீசன்டா. கடையில வேல," என்றேன்.

"செரி," என்றாய். அவ்வளவுதான். பிறகு செல்வத்தின் புது என்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய்.

உண்மையைச் சொன்னபோது ஆளனுப்பி அளந்து பார்த்தவன் நீ. நான் சொன்ன பொய்யை மட்டும் அளக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாய். ரெண்டு வாரத்தில் போய்விட்டாய். அந்த "செரி"யை நான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன். கடைக்கும் வீட்டுக்கும், பஸ்ஸிலும் தெருவிலும்.

கடையில் வேலை ஒன்றும் இல்லை மச்சான். அது ஆடி மாசம். கல்யாணமே கிடையாது. உனக்கும் அது தெரிந்திருக்கும். நான் தப்பு செய்தேன் என்று தெரிந்தால் இனி என்னை வீட்டுக்குள் விடமாட்டாயோ என்று பயந்தேன். நீ பட்டினி கிடந்த அந்தப் பத்து நாளும் எனக்கு இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.